பாதியில் நின்ற வினைச்சொல்

“டாக்டர் பார்த்துட்டாரு தம்பி, அம்மாவ வார்டுல சேர்க்க…”

ரயில் சுங்கைப்பட்டாணியைத் தாண்டி வடக்கே வேகம் பிடித்திருந்தது. சன்னலுக்கு வெளியே செம்பனை. “சேர்க்க” வரைக்கும் காதில் விழுந்தது. பிறகு ஒரு சின்ன வெறுமை, அரை வினாடிகூட இருக்காது. அதற்குள் அக்கா அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். சேர்க்கச் சொன்னார்களா, சேர்க்க வேண்டாம் என்றார்களா, சேர்க்க இடமில்லையா? தமிழில் ஒரு வினைச்சொல்லின் தலைவிதி அதன் வாலில் இருக்கிறது. காலம், ஆள், உண்டு, இல்லை எல்லாமே கடைசி ஓரிரு அசைகளில்தான். போறேன், போகல, போகணும்: வேர் ஒன்று, வால் வேறு. சாதாரணப் பேச்சில் நாம் வினாடிக்கு ஐந்தாறு அசைகளை உச்சரிக்கிறோம். வினாடியில் மூன்றில் ஒரு பங்கை லைன் விழுங்கினால் இரண்டு அசை போய்விடும். அம்மா வீட்டில் இருக்கிறாரா, ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா என்பது அந்த இரண்டு அசைக்குள் இருந்தது.

திரும்பக் கேட்டேன். “வேணாம்னுட்டாங்க, மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க” என்றார். மூச்சு வந்தது.

அந்த அசைகள் எங்கே போயின? நானும் ரயிலும் ஒரு கைப்பேசிக் கோபுரத்தின் எல்லையை விட்டு இன்னொரு கோபுரத்தின் எல்லைக்குள் நுழைந்த நொடியில் அவை தொலைந்தன. அந்த நொடியைச் சுருக்குவதற்காக உலகமெங்கும் பொறியாளர்கள் அரை நூற்றாண்டாகப் பாடுபட்டு வருகிறார்கள்.

நாட்டைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் வைத்து, ஒரே அலைவரிசைகளைத் தள்ளித் தள்ளி மறுபடியும் பயன்படுத்தலாம் என்ற யோசனையை 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் ரிங் ஒரு குறிப்பாக எழுதி வைத்தார். அந்த வட்டாரத்துக்குத்தான் செல் என்று பெயர். யோசனை அழகானது. ஆனால், பேசிக்கொண்டே ஒருவர் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அழைப்பு அறுந்துவிடக் கூடாதே! பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே தொடர்பை ஒரு கோபுரத்திலிருந்து அடுத்ததற்கு மாற்றும் இணைப்பக முறைக்கு அதே கூடத்தின் ஏமஸ் ஜோயல் 1972-இல் காப்புரிமை பெற்றார். கைமாற்றம் என்று நாம் சொல்லும் இந்த வேலை இல்லையென்றால் கைப்பேசி என்பது நின்ற இடத்தில் நின்று பேசும் கருவியாகவே இருந்திருக்கும்.

மலேசியாவுக்கு இந்தச் செல் முறை 1985-இல் வந்தது. ‘ATUR 450’ என்ற அந்த முதல் சேவை, சுவீடனும் நார்வேயும் 1981-இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி 450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கியது. தாழ்ந்த அலைவரிசை வெகுதூரம் போகும், மரங்களையும் ஓரளவு ஊடுருவும். எனவே செல்கள் பெரியவை, கைமாற்றங்கள் குறைவு. எங்கள் ரப்பர் தோட்டத்தில் அப்போது யாரிடமும் அந்தக் கருவி இல்லை.

தோட்டத்தில் வேறொரு கைமாற்றம் தினமும் நடந்தது. பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் பேர் கொடுக்கும் முன், இருட்டோடு இருட்டாக, பால்வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். குழந்தை தூக்கத்தில் இருக்கும். ஆயா இரு கைகளையும் குழந்தையின் அடியில் நுழைத்து, பாரத்தைத் தன் பக்கம் வாங்கிய பிறகுதான் அம்மா கையை உருவுவார். ஒரு கணம் நான்கு கைகளிலும் குழந்தை இருக்கும். அது விழிக்காமல் தூங்குவதற்கு அந்த ஒரு கணம்தான் காரணம்.

இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் 4ஜி கைப்பேசி அப்படிச் செய்வதில்லை. அது முதலில் கையை விடுகிறது, பிறகுதான் அடுத்ததைப் பிடிக்கிறது.

நடப்பது இதுதான். கைப்பேசி தன் கோபுரத்தோடு பேசிக்கொண்டே, சுற்றியுள்ள மற்றக் கோபுரங்களின் வலிமையையும் ஓயாமல் அளக்கிறது. அளப்பது கைப்பேசியே என்பது ஜிஎஸ்எம் எனும் 2ஜி காலத்தில் வந்த பெரிய மாற்றம். அதற்கு முன் கோபுரங்கள்தான் அளந்தன. ஜிஎஸ்எம் கைப்பேசி தன்னைச் சுற்றியுள்ள வலுவான ஆறு அண்டைச் செல்களின் அளவை 480 மில்லிவினாடிக்கு ஒருமுறை அனுப்பியது. 4ஜியில், பக்கத்துக் கோபுரம் இதைவிடக் குறிப்பிட்ட அளவு வலுவாகிவிட்டது என்று தெரிந்தவுடன் கைப்பேசி செய்தி அனுப்புகிறது. பழைய கோபுரம் புதியதைக் கேட்கிறது: இவரை ஏற்க இடம் இருக்கிறதா? இருக்கிறது என்று பதில் வந்ததும், கைப்பேசிக்கு ‘போ’ என்ற கட்டளை போகிறது. அந்தக் கட்டளை கிடைத்த கணத்தில் கைப்பேசி பழைய கோபுரத்தைக் கைவிடுகிறது. புதிய கோபுரத்தின் தாளத்தோடு தன்னை ஒத்திசைக்கிறது. பிறகு ‘நான் வந்துவிட்டேன்’ என்று ஒரு குறுங்குரல் எழுப்புகிறது.

அந்தக் குறுங்குரல் ஏன் என்றால், தூரம் தெரிய வேண்டும். ரேடியோ அலை ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் போகும். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கைப்பேசியின் பேச்சு கோபுரத்தை அடைய 10 மைக்ரோவினாடி ஆகும். தூரத்தில் இருப்பவர் கொஞ்சம் முன்னதாகவே பேசத் தொடங்கினால்தான் எல்லோருடைய குரலும் தத்தம் நேரத்தில் கோபுரத்தில் வந்து விழும். எவ்வளவு முன்னதாக என்பதை அந்தக் குறுங்குரலைக் கேட்டுத்தான் கோபுரம் கணக்கிட்டுச் சொல்கிறது. விட்ட கணத்திலிருந்து பிடித்த கணம் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஏறத்தாழ 50 மில்லிவினாடி. நம் குரலைக் கைப்பேசி 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. ஆக இரண்டு மூன்று துண்டுகள் தாமதமாகின்றன. பழைய கோபுரம் தன்னிடம் தங்கிய துண்டுகளைப் புதியதற்கு அனுப்பி வைக்கிறது. மறுமுனையில் சிறிய சேமிப்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. காது எதையும் உணர்வதில்லை.

அப்படியானால் அக்காவின் அசைகளை விழுங்கியது எது?

வட மலேசியாவின் கெடா மாநிலத்து ரயில் பாதை இதற்கு நல்ல ஆய்வுக்களம். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைப் பாதை போட்டு மின்மயமாக்கியபின், இ.டி.எஸ். என்ற மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகிறது. வினாடிக்கு 39 மீட்டர். சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே, பீடோங் குரூண் வரை, மேற்கே ஜெராய் மலை நிற்கும், பாதையின் இரு பக்கமும் தோட்டங்கள் வரும். குரூணைத் தாண்டி கோபா, அலோர்ஸ்டார் நோக்கிப் போகப் போக நிலம் தட்டையாகிறது. கண்ணெட்டும் தூரம் வரை வயல். ஒரே பயணத்தில் இரண்டு வேறு உலகங்கள், இரண்டு வேறு நோய்கள்.

வயல்வெளியின் நோய், கோபுரங்கள் அதிகமாகத் தெரிவது. மறைக்க ஒன்றும் இல்லாததால் தொலைதூரக் கோபுரங்களும் கிட்டத்தட்ட சம வலிமையோடு வந்து சேர்கின்றன. ஒன்று இக்கணம் வலுவானது, மறுகணம் இன்னொன்று. கைப்பேசி அவசரப்பட்டால் அங்கும் இங்கும் பந்துபோல் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் ஓர் இடைவெளி. இதைத் தடுக்கப் பொறியாளர்கள் இரண்டு கடிவாளங்களை வைத்திருக்கிறார்கள். புதிய கோபுரம் இரண்டு மூன்று டெசிபலாவது கூடுதல் வலுவாக இருக்க வேண்டும். அந்த நிலை குறிப்பிட்ட நேரம், 320 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம், தொடர்ந்து நீடிக்க வேண்டும். பொறுமை காத்தால் தாவல் குறைகிறது.

தோட்டப் பகுதியின் நோய் நேர்மாறு. கோபுரங்கள் குறைவு, அடுத்தது தெரிவதற்குள் இருப்பது மறைந்துவிடும். ஈரப்பசை உள்ள இலைகள் அலைகளை உறிஞ்சுகின்றன. அலைவரிசை உயர உயர உறிஞ்சுதலும் கூடும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கும் இடத்தில் 2600-ம் 3500-ம் திணறும். மழை பெய்து ஓய்ந்த தோட்டத்தில் இது இன்னும் மோசம். பால்மரமாவது ஆண்டின் தொடக்க மாதங்களில் இலையை உதிர்த்துக் கொஞ்சம் வழிவிடும். செம்பனைக்கு அந்த வழக்கமே இல்லை, வருடம் முழுக்க ஒரே அடர்த்தி. கெடாவின் தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது எங்கள் பெற்றோரின் வேலை மாறியதை எல்லோரும் பேசினார்கள். ரேடியோ அலைகளின் பாதையும் அதோடு மாறியது.

வயலுக்குப் பொருத்தமான அந்த 320 மில்லிவினாடிப் பொறுமையை எடுத்துக்கொண்டு 140 கிலோமீட்டர் வேகத்தில் தோட்டத்துக்குள் நுழைந்து பாருங்கள். காத்திருக்கும் நேரத்துக்குள் ரயில் 12 மீட்டருக்கு மேல் போய்விடும். மேடு வெட்டிப் போட்ட பாதையிலோ அடர்ந்த செம்பனைக்குப் பின்னாலோ இருந்தால், பழைய கோபுரத்தின் குரல் அந்தச் சில பத்து மீட்டருக்குள்ளேயே முழுகிவிடும். அடுத்த கோபுரம் தயாராக இருக்கிறது, இடமும் ஒதுக்கிவிட்டது, ‘போ’ என்ற கட்டளையும் புறப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் கட்டளை வர வேண்டிய வழி, முழுகிக்கொண்டிருக்கும் பழைய கோபுரத்தின் வழியேதான். கைப்பேசிக்கு அது கேட்பதில்லை. தொடர்பு உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதி செய்ய அது ஒரு வினாடி அளவுக்குக் காத்திருக்கும், பிறகு சுற்றிலும் தேடி, யாரையாவது பிடித்து, மறுபடியும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். 50 மில்லிவினாடியில் முடிய வேண்டியது வினாடிக் கணக்கில் நீள்கிறது. “லைன் போச்சு” என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ரயில் என்றால் இன்னொரு நெருக்கடியும் உண்டு. சில நூறு பேரின் கைப்பேசிகள் ஒரே எல்லைக்கோட்டை ஒரே நேரத்தில் கடக்கின்றன. 4ஜி செல் ஒன்றில் குறுங்குரல்களுக்கு 64 ராகங்கள்தான் இருக்கின்றன. இருவர் ஒரே ராகத்தை எடுத்துவிட்டால் ஒருவராவது மறுபடி முயல வேண்டும்.

இதற்கு ஒரு சிறு பரிகாரம் 4ஜியிலேயே உண்டு. கடந்த சிறிது நேரத்தில் எத்தனை செல் மாறினோம் என்று கைப்பேசி எண்ணி, வேகமாகப் போகிறோம் என்று உணர்ந்தால், காத்திருப்பு நேரத்தைப் பாதியாகவோ காலாகவோ குறைத்துக்கொள்ளலாம். தோட்டத்துச் சாலையில் பழக்குலை ஏற்றி ஊர்ந்து போகும் லோரியில் இருப்பவருக்கு ஒரு பொறுமை, ரயிலில் இருப்பவருக்கு இன்னொன்று.

அன்று அக்காவின் அசைகளைத் தின்றது அநேகமாக இன்னொரு வகைக் கைமாற்றம். அரை வினாடிக்குள் அடங்கிய அந்த இடைவெளியின் அளவு அதற்குத்தான் பொருந்துகிறது. மலேசியாவில் 3ஜி சேவை 2021 டிசம்பர் 31-ஓடு நிறுத்தப்பட்டது. அந்த அலைவரிசையை 4ஜிக்குக் கொடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், வேகம் கூடியது. ஆனால் 3ஜிக்கு ஒரு குணம் இருந்தது. அது ஆயாவின் குணம். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒரே அலைவரிசையில் இயங்கியதால், எல்லையில் இருக்கும் கைப்பேசி இரண்டு மூன்று கோபுரங்களோடு ஒரே நேரத்தில் பேசும். அதே குரல் இரு வழியாகப் போகும். எது தெளிவோ அதை எடுத்துக்கொள்வார்கள். ஒருவருக்கு இருவரின் பங்கைச் செலவழிக்கும் முறை அது. 4ஜி அந்த ஆடம்பரத்தைக் கைவிட்டது. இப்போது 4ஜி ஓயும் இடத்தில், பேச்சைத் தாங்க மிஞ்சியிருப்பது பழைய 2ஜி மட்டுமே. 4ஜியில் குரல் இணையத் துண்டுகளாகப் போகிறது, 2ஜியில் தனிச் சுற்றாகப் போகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்கு நடுப்பேச்சில் தாவுவது, ஓடும் ரயிலிலிருந்து மாட்டுவண்டிக்கு மாறுவது மாதிரி. இந்தத் தாவலுக்குச் சர்வதேசத் தரநிலை வகுத்த உச்சவரம்பே 300 மில்லிவினாடி. பதினைந்து குரல்துண்டுகள். ஏறத்தாழ இரண்டு அசை.

குரலுக்கு இந்தக் கதை. தரவுக்கு, அதாவது இணையத்துக்கு, கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது: முகவரி. இணையத்தில் ஒரு கருவியின் முகவரி அது இருக்கும் இடத்தையும் குறிக்கிறது. இடம் மாறினால் முகவரி மாற வேண்டும், முகவரி மாறினால் நடந்துகொண்டிருக்கும் உரையாடல் அறுந்துவிடும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட ஆண்டுகளில் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு, தமிழ்நாட்டிலிருந்து வரும் கடிதங்கள் பல காலம் தோட்டத்து ஆபீசுக்கே வந்துகொண்டிருந்தன. ஆபீஸ் எழுத்தரான கிராணி எடுத்து வைத்து, அந்தப் பக்கம் போகிறவரிடம் கொடுத்தனுப்புவார். அனுப்பியவருக்கு இவர்கள் இடம் மாறியதே தெரியாது. இணைய நெறிமுறையின் ஆறாம் பதிப்புக்காக 2004-இல் வெளியான நகர்வு நெறிமுறை இதையேதான் செய்கிறது. தாய்வீட்டில் ஒரு முகவர் இருப்பார். கருவி எங்கே போனாலும் புதிய தங்குமுகவரியை அவருக்குத் தெரிவிக்கும். அவர் பழைய முகவரிக்கு வருவதையெல்லாம் திருப்பி அனுப்புவார். 4ஜியின் மையமும் வேறு பெயர்களில் இந்த வழியையே பின்பற்றுகிறது. நம் முகவரி மையத்தில் ஓர் இடத்தில் நிலையாக நிற்கிறது. கோபுரம் மாறும்போது அங்கிருந்து வரும் சுரங்கக்குழாயின் முனை மட்டும் மாறுகிறது.

ஆனால் கிராணி முறையில் தாமதம் உண்டு. புதிய இடத்துக்குப் போனபின்தான் புதிய முகவரி பெற முடியும். அந்த முகவரி வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு ஒரு வினாடி பதிலுக்குக் காத்திருப்பது வழக்கமான விதி. பிறகு தாய்வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். 2005-இல் ராஜீவ் கூட்லி தொகுத்த விரைவுக் கைமாற்ற நெறிமுறை இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. பழைய இடத்தில் இருக்கும்போதே, ‘நான் அங்கே போகப்போகிறேன்’ என்று சொல்லி, புதிய இடத்தின் முகவரியை முன்கூட்டியே வாங்கிக்கொள். அது யாரிடமும் இல்லை என்பதைப் புதிய இடத்தின் வழிகாட்டிக் கருவியே சரிபார்க்கட்டும். தாய்வீட்டுக்குத் தகவல் போய்ச் சேரும் வரை, பழைய இடமே நேராகப் புதிய இடத்துக்குத் தரவுப் பொட்டலங்களைத் தள்ளிவிடட்டும். பழைய வீட்டுக்காரர் பக்கத்துத் தெரு வரை நடந்து வந்து கடிதத்தைக் கையில் கொடுப்பது போல. இந்த யோசனையில் எதுவும் வேகமாக ஓடவில்லை. செய்ய வேண்டியவற்றை விடுவதற்கு முன்பே செய்து முடித்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான். கருவிகளின் வேகம் பன்மடங்கு கூடியும் தாமதம் ஒழியவில்லை. அது ஒழிந்த இடங்களிலெல்லாம் வரிசையை மாற்றியதுதான் பலித்தது. 5ஜிக்கான தேவைகளை வகுத்தபோது 2017-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கைமாற்ற இடைவெளிக்கு ஒரே ஒரு எண்ணை எழுதியது: பூஜ்யம். அதை நோக்கி 2020-இல் முடிவான கைப்பேசித் தரநிலைகளின் பதினாறாம் தொகுப்பில் இரண்டு வழிகள் வந்தன.

ஒன்று ஆயா வழி. புதிய கோபுரத்தில் குறுங்குரல் எழுப்பி, பதில் வாங்கி, பிடி உறுதியாகும் வரை பழைய கோபுரத்தோடும் பேசிக்கொண்டே இரு. நான்கு கைகள் மறுபடியும். இதற்குக் கைப்பேசிக்குள் ஒரே நேரத்தில் இரண்டு பேச்சு அடுக்குகள் இயங்க வேண்டும். செலவும் மின்கலச் சுமையும் கூடும்.

இன்னொன்று தோட்டத்துக்கே எழுதியது போன்றது. எல்லை வருவதற்கு வெகு முன்னால், பழைய கோபுரத்தின் குரல் இன்னும் தெளிவாக இருக்கும்போதே, போகக்கூடிய கோபுரங்களை, எட்டு வரை, தயார் செய்து, ‘இந்த நிபந்தனை நிறைவேறினால் இங்கே போ, அது நிறைவேறினால் அங்கே போ’ என்று கைப்பேசியிடம் எழுதிக் கொடுத்துவிடுவது. பிறகு கட்டளைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. செம்பனைக்குள் பழைய குரல் முழுகினாலும் கவலையில்லை, போகும் வழி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2024-இல் முடிவான பதினெட்டாம் தொகுப்பு இன்னும் ஒரு படி போகிறது. அடுத்த கோபுரத்தின் தாளத்தையும் தூரக் கணக்கையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வதால், மாறும் கணத்தில் குறுங்குரலே தேவைப்படாமல் போகலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை: இரண்டு கோபுரங்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்க வேண்டும். வாங்கிக்கொள்ள ஆயா வந்திருந்தால்தானே நான்கு கைகள்? ரயில் பாதையிலும் நெடுஞ்சாலையிலும் அந்தக் கவிதல் பெரும்பாலும் இருக்கிறது. சாலையை விட்டு உள்ளே திரும்பி, பழைய லயன் வீடுகள் இருக்கும் பக்கம் போனால், பாலிங், சிக் பக்கத்து மேடுபள்ளங்களுக்குள் நுழைந்தால், அது மெலிந்துவிடுகிறது. அங்கே எந்தத் தொகுப்பின் எந்த விதியும் இடைவெளியைக் குறைக்காது. அங்கே கோபுரம்தான் வேண்டும். பெரிய கோபுரம் கட்டும் செலவு கணக்குக்கு ஒத்துவரவில்லை என்றால் தாழ்ந்த அலைவரிசையில் ஒரு சிறு மீள்பரப்பியாவது வேண்டும். நகரத்தில் 50 மில்லிவினாடியைப் பூஜ்யமாக்கச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கு, தோட்டத்தில் ஐந்து வினாடியை 50 மில்லிவினாடியாக்கச் செலவிடப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆஸ்பத்திரிச் செய்தி இரு இடத்துக்கும் ஒன்றுபோலத்தான் வருகிறது.

அக்கா இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். நான் ரயிலில் இருக்கிறேன் என்று தெரிந்தால் முக்கியமான சொல்லை இரண்டு தரம் சொல்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போன வாரமும் அப்படித்தான், குரூண் தாண்டும்போது, மழையில்.

“இப்ப காய்ச்சல் இல்ல தம்பி. இல்ல.”